ஐடில்ல 14 இன்ச், பூஸ்ட் 9தான்: இன்ஜின் போச்சா?

கேள்வி | மார்ச் 2, இரவு 9.15

பெட்ரோல் டர்போ, 4 சிலிண்டர், மேனுவல் கியர். போன வாரம் டேஷ்போர்டு மேல இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தைக் காட்டற வேக்குவம்–பூஸ்ட் கேஜ் ஒண்ணு மாட்டினேன். அன்னையிலிருந்து தூக்கம் போச்சு. இன்ஜின் நல்லா சூடாகி, ஏசி ஆஃப்ல, மிதிக்காம ஐடில்ல விட்டா வேக்குவம் 14 இன்ச்ல நிக்குது. எங்க படிச்சாலும் 18லிருந்து 21 வரை இருக்கணும்னு போட்டிருக்கு. ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சா பூஸ்ட், அதான் டர்போ தள்ளற காத்தோட அழுத்தம், 9 பிஎஸ்ஐ தாண்ட மாட்டேங்குது. இந்த வண்டிக்கு 12 வரணும். ஓட்டும்போது ஒரு குறையும் தெரியல. இன்ஜின் போச்சா, டர்போ போச்சா, இல்ல ரெண்டுமா?

பதில் | மார்ச் 2, இரவு 10.40

லீக். வேற எதுவும் இல்ல. வேக்குவமும் கம்மி, பூஸ்ட்டும் கம்மின்னா ரெண்டுக்கும் பொதுவான இடம் மேனிஃபோல்டுதான், சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு அனுப்பற குழாய். பானெட்டைத் திறந்து, த்ரோட்டிலுக்கு (மிதிச்சா திறக்கிற காத்துக் கதவு) அப்புறம் இருக்கிற ஒவ்வொரு சின்ன ஹோஸையும் கையால தடவிப் பாருங்க. நுனியில வெடிச்சிருக்கும்.

மார்ச் 2, இரவு 11.25

படுத்த பிறகுதான் தோணுச்சு, முக்கியமான கேள்வியையே கேட்கல. கேஜ் ஹோஸை எங்க இருந்து எடுத்தீங்க?

ஏன் கேட்கிறேன்னா, நான் முதல்முறை மாட்டினப்ப பண்ணின கூத்து அப்படி. மேனிஃபோல்டுல இருந்து பிரேக் பூஸ்டருக்கு (வேக்குவத்தால பிரேக் மிதியை லேசாக்கற டப்பா) போகிற தடிமனான ஹோஸ் கைக்கு வாகா இருந்துச்சு. நடுவுல வெட்டி ஒரு டி (மூணு வாய் இணைப்பு) போட்டுட்டேன். ஸ்டார்ட் பண்ணதும் முள் சரசரன்னு 20 இன்ச்சுக்கு இறங்குச்சு. அடடா, என்ன ஆரோக்கியமான இன்ஜின்னு நினைச்சேன். ஆக்சிலரேட்டரை மிதிச்சேன், 20. மூணாவது கியர்ல முழு மிதி, அப்பவும் 20. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துட்டு இறங்கினேன், இன்ஜின் ஆஃப், முள் 20ல. வண்டி நிக்குது, கேஜ் மட்டும் ஓடிட்டு இருக்கு!

அந்த ஹோஸ்ல ஒரு ஒருவழி வால்வு இருக்கும். இன்ஜின் நின்னாலும் ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிக்க வேக்குவம் மிச்சம் இருக்கணும்னு அதை வெச்சிருக்காங்க. நான் டி போட்டது அந்த வால்வுக்கு பூஸ்டர் பக்கம். அங்க சிறைபட்ட வேக்குவத்தைத்தான் கேஜ் காட்டிட்டு இருந்துச்சு. அதோட பிரேக் லைனை வெட்டினதே தப்பு, அது தனிக் கதை. அன்னைக்கே புது ஹோஸ் போட்டுட்டேன். கேஜுக்கு எடுக்க வேண்டிய இடம் த்ரோட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்டுல, நடுவுல எந்த வால்வும் இல்லாத ஒரு சின்னக் குழாய்.

மார்ச் 3, காலை 7.10

மேனிஃபோல்டுல இருந்துதான் எடுத்திருக்கேன்னு சொல்லியிருக்கீங்க. சரி. அப்ப லீக்தான். இந்த ஞாயிறு சோப்புத் தண்ணி தெளிச்சு, எங்க குமிழி வருதுன்னு பாருங்க.

மார்ச் 3, மதியம் 1.30

அடிப்படையை ஒருதடவை எழுதிடறேன், இது தெரியாமதான் பாதிப் பேர் பயப்படறாங்க.

கேஜ்ல பூஜ்ஜியம்னா மேனிஃபோல்டுல காத்தே இல்லன்னு அர்த்தம் இல்ல. உள்ள இருக்கிற அழுத்தமும் வெளிக்காத்தோட அழுத்தமும் சமம்னு அர்த்தம். ஐடில்ல த்ரோட்டில் கிட்டத்தட்ட மூடி இருக்கு, பிஸ்டன்கள் உறிஞ்சுது, காத்து வர வழி இல்ல. அதனால உள்ள அழுத்தம் வெளியை விடக் குறைவு. அந்தக் குறைச்சலைத்தான் வேக்குவம்னு சொல்றோம். த்ரோட்டிலைத் திறக்கத் திறக்க முள் பூஜ்ஜியத்தை நோக்கி வரும். டர்போ இல்லாத வண்டி அதோட சரி. டர்போ இருந்தா பூஜ்ஜியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், அது பூஸ்ட்.

இதுல ஒரு வில்லங்கம்: ஒரே டயல்ல ரெண்டு அளவை. இடது பக்கம் பாதரச இன்ச், வலது பக்கம் பிஎஸ்ஐ. 1 பிஎஸ்ஐ கிட்டத்தட்ட 2 இன்ச். ஐடில்ல 20, முழு மிதியில 10, அப்ப உறிஞ்சறதுதான் ரெண்டு மடங்கு பலம்னு ஒருத்தர் எழுதியிருந்தார். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். 20 இன்ச் கீழ, 20 இன்ச் மேல.

இன்ச் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1643ல டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வெச்ச காலத்துல இருந்து. கடல் மட்டத்துல காத்து தாங்கிப் பிடிக்கிற பாதரசத் தூண் சுமார் 29.9 இன்ச் உயரம். அதனால எந்த இன்ஜினும் அதுக்கு மேல வேக்குவம் காட்ட முடியாது. "என் கேஜ்ல 33 வருது"ன்னு யாராவது சொன்னா கேஜை மாத்தச் சொல்லுங்க.

மார்ச் 5, இரவு 8.50

டீசல் வண்டிக்காரர் ஒருத்தர் ஐடில்ல முள் பூஜ்ஜியத்துலயே நிக்குது, கேஜ் போலியான்னு கேட்டிருக்கார். இல்லங்க, அப்படித்தான் நிக்கணும். டீசல்ல காத்தை மடக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தறது இல்ல, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. வழி திறந்தே இருக்கிறதால உறிஞ்சல் உருவாக இடமில்ல. பிரேக் பூஸ்டருக்கு வேணும்னுதான் டீசல்ல தனியா வேக்குவம் பம்ப் வெச்சிருக்காங்க. புது டீசல்கள்ல புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒரு தட்டு இருக்கும், அதனால கொஞ்சம் இறங்கலாம். நீங்க பார்க்க வேண்டியது பூஸ்ட் பக்கம் மட்டும்தான்.

பெட்ரோல்லயும் விதிவிலக்கு உண்டு. பிஎம்டபிள்யூ 2001ல கொண்டு வந்த வால்வ்ட்ரானிக் மாதிரி, காத்தை உள்வால்வோட திறப்பாலேயே அளக்கிற இன்ஜின்கள்ல ஐடில்ல பெருசா வேக்குவம் இருக்காது. அந்த வண்டிக்காரங்க 18 இன்ச் தேடிப் போனா கிடைக்காது.

மார்ச் 8, மாலை 6.20

ஞாயிறு முழுக்க சோப்புத் தண்ணி தெளிச்சும் ஒரு குமிழி வரலன்னு கோபமா எழுதியிருக்கீங்க. தப்பு என்மேலதான், பாதி சொல்லி விட்டுட்டேன். ஐடில்ல மேனிஃபோல்டு உள்ளதான் இழுக்கும், வெளிய ஊதாது. ஓட்டை இருந்தா சோப்புத் தண்ணியை உறிஞ்சிக்கும், குமிழி எங்கிருந்து வரும்? இன்ஜினை நிறுத்தி, டர்போ வாயை அடைச்சு, உள்ள காத்து ஏத்திட்டுத் தெளிச்சாதான் குமிழி.

சூடான இன்ஜின் மேல கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு ஐடில் மாறுதான்னு பார்க்கச் சொல்றவங்க இருக்காங்க. வேலை செய்யும். தீயும் பிடிக்கும். வேணாம்.

மார்ச் 8, இரவு 10.05

இன்னொரு விஷயம். முள் எங்க நிக்குதுன்னு மட்டும்தான் எழுதினீங்க, எப்படி நிக்குதுன்னு எழுதல. பழைய மெக்கானிக்குகள் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

ஆணி அடிச்ச மாதிரி அசையாம, ஆனா கீழ நின்னா: காத்துக் கசிவு, இல்ல இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கு. தாளம் தப்பாம நாலஞ்சு இன்ச் துள்ளித் துள்ளித் திரும்பினா: ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு சரியா உட்காரல. ஐடில்ல படபடன்னு நடுங்கி, ஆர்பிஎம் ஏத்தினதும் அடங்கினா: வால்வு கைடு தேய்மானம். ஏத்த ஏத்த நடுக்கம் கூடினா: ஸ்பிரிங் தளர்ச்சி. 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சு வெச்சா முதல்ல நல்லா நின்னு, பிறகு மெதுவா மெதுவா சரிஞ்சா: சைலன்சர் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

சட்டுனு மிதிச்சு விட்டுப் பாருங்க. முள் பூஜ்ஜியம் வரை ஓடி, விட்டதும் 23, 24 வரை எகிறி, பழைய இடத்துக்குத் திரும்பணும். அந்த எகிறல் சோம்பேறித்தனமா இருந்தா பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

மார்ச் 9, காலை 6.45

நேத்து எழுதினதுக்கு ஒரு திருத்தம். அந்தத் துள்ளல், நடுக்க ஜாதகமெல்லாம் கார்புரேட்டர் காலத்துது. இன்னைக்கு வர்ற எலக்ட்ரானிக் கேஜ் சராசரி எடுத்துத்தான் காட்டும், துள்ளலை முழுங்கிடும். முள் ஆடாம இருக்கட்டும்னு ஹோஸ்ல மெல்லிய துளை போட்ட அடைப்பான் வெச்சிருந்தாலும் அதே கதை. போதாததுக்கு ஈசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) ஐடிலைத் தானே சரிக்கட்டிக்கும். முள் அசையலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்காதீங்க. அசைஞ்சா மட்டும் கவனிங்க.

மார்ச் 15, இரவு 9.30

ஐயா, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னைக்கு வேற ஏதோ பேச்சுல, நீங்க இருக்கிற ஊர் 1,200 மீட்டர் உயரத்துலன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்க. அதுதான் விடை. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 இன்ச் குறையும். 1,200க்கு 4 இன்ச். உங்க 14 கடல் மட்டத்துல 18. இன்ஜின் நல்லா இருக்கு. ரெண்டு வாரமா உங்களைச் சோப்புத் தண்ணியும் கையுமா அலைய விட்டதுக்கு மன்னிக்கணும்.

உள்ள அழுத்தம் குறையல, வெளிக்காத்துதான் மெலிஞ்சிருக்கு. கேஜ் காட்டறது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

மார்ச் 15, இரவு 9.50

பூஸ்ட் 9க்கும் ஒரு சந்தேகம் இருக்கு. ரெண்டாவது கியர்லதானே பார்த்தீங்க? டர்போ சுத்த எக்ஸாஸ்ட் புகை வேணும், எக்ஸாஸ்ட்டுக்கு லோடு வேணும். கீழ் கியர்ல ஆர்பிஎம் ஓடற ஓட்டத்துல டர்போ மூச்சுப் பிடிக்கிறதுக்குள்ள அடுத்த கியர் வந்துடும். இதே காரணத்துலதான் நிக்கிற வண்டியில எவ்வளவு முறுக்கினாலும் பூஸ்ட் வராது. ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டுல, மூணாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல இருந்து முழு மிதி. பக்கத்துல உட்கார்ந்தவர் முள்ளைப் பார்க்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க.

மார்ச் 17, இரவு 8.00

மூணாவது கியர்ல பூஸ்ட் 11.5ஆ? வாழ்த்துகள். கேஜைக் கழட்டி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க.

ஏப்ரல் 19, இரவு 10.15

உயரம் பத்தி எழுதினதை நானே நேர்ல பார்த்துட்டு வந்தேன். சுமார் 2,000 மீட்டர் வரை ஏறினோம். கேஜ் ஒருபக்கம், ஃபோன்ல வண்டியோட சென்சாரைப் படிக்கிற ஸ்கேனர் ஆப் ஒருபக்கம். அடிவாரத்துல ரெண்டும் ஒத்துமை: ஐடில்ல 19.5 இன்ச், முழு மிதியில 11 பிஎஸ்ஐ. மேல போனதும் சண்டை. கேஜ் ஐடில்ல 13, ஆப் 19.5. முழு மிதியில கேஜ் 11, ஆப் 8.

எது பொய்? ரெண்டுமே இல்ல. வண்டியோட சென்சார் மொத்த அழுத்தத்தை கிலோபாஸ்கல்ல சொல்லுது: ஐடில்ல 35. ஆப் அதுல இருந்து எப்பவும் கடல் மட்டத்து 101ஐக் கழிக்குது, 66 வருது, அது 19.5 இன்ச். ஆனா மலை மேல காத்தழுத்தம் 80தான். 80ல 35 போனா 45, அது 13 இன்ச். பூஸ்ட்டும் அதே கணக்கு: மேல மொத்தம் 156, 80ஐக் கழிச்சா 11 பிஎஸ்ஐ, 101ஐக் கழிச்சா 8. நல்ல ஆப் வெளிக்காத்தையும் வண்டியிடமே கேட்டுக் கழிக்கும், நான் வெச்சிருந்தது சோம்பேறி ஆப்.

ஆனா எரிக்கிறதுக்கு இன்ஜினுக்குக் கிடைச்ச காத்து எவ்வளவுன்னு கேட்டா சோம்பேறி ஆப்தான் உண்மைக்குப் பக்கத்துல இருந்துச்சு. கேஜ் அதே 11ஐக் காட்டி ஏமாத்துது, கீழ 177 இருந்த இடத்துல மேல 156தான். ஏத்தத்துல வண்டி இழுக்காத மாதிரி தோணினது மனப்பிராந்தி இல்ல.

இன்னொண்ணு, இந்த சாதாரண ஸ்கேனர் தகவல்ல அந்த மொத்த அழுத்த எண்ணுக்கு ஒரே பைட்தான் ஒதுக்கியிருக்காங்க, 255 கிலோபாஸ்கலுக்கு மேல சொல்லவே முடியாது. பூஸ்ட் 22 பிஎஸ்ஐ தாண்டற வண்டிக்காரங்க ஆப்ல முள் ஒரே இடத்துல முட்டி நிக்குதேன்னு டர்போவைத் திட்ட வேணாம்.

ஏப்ரல் 20, காலை 7.00

தலைப்பை விட்டு விலகறேன், பரவாயில்ல. விமானத்துல இந்தக் குழப்பமே கிடையாது. பிஸ்டன் இன்ஜின் விமானத்தோட மேனிஃபோல்டு கேஜ் மொத்த அழுத்தத்தை இன்ச்ல காட்டும். இன்ஜின் நின்னிருந்தா தரையில 30ஐ ஒட்டி நிக்கும், புதுசாப் பார்க்கிறவங்க திகைச்சுப் போவாங்க. டர்போவுக்கே அந்த வானத்துத் தேவையில பெரிய பங்கு உண்டு. சுவிஸ் இன்ஜினியர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905லயே காப்புரிமை வாங்கிட்டார். 1918ல இன்ஜினியர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான இன்ஜினை அமெரிக்காவுல பைக்ஸ் பீக் உச்சிக்கு, சுமார் 4,300 மீட்டருக்கு, தூக்கிட்டுப் போய் டர்போவோட ஓட்டிப் பார்த்தார். மலையில தொலையற காத்தை மீட்கத்தான். நாம சிக்னல்ல முந்தறதுக்கு வெச்சிருக்கோம்.

மே 24, இரவு 9.40

என் முறை வந்துடுச்சு.

மூணு நாளா வண்டி மந்தம். முழு மிதியில பூஸ்ட் 7. மிதிக்கும்போது உஸ்ஸுனு ஒரு சீறல், பின்னாடி லேசா கருப்புப் புகை. ஐடில்ல 19.5, துளி அசைவு இல்ல. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஓட்டிப் பார்த்துட்டு, டர்போ போச்சு, புதுசு போடணும்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

இங்கதான் மார்ச் 2ல நான் எழுதினது எவ்வளவு அரைகுறைன்னு உறைக்குது. வேக்குவமும் பூஸ்ட்டும் சேர்ந்து குறைஞ்சா மேனிஃபோல்டுன்னு சொன்னேன், பூஸ்ட் மட்டும் குறைஞ்சா என்னன்னு சொல்லல. டர்போவுல இருந்து இன்டர்கூலர் (அழுத்தின காத்தைக் குளிர்விக்கிறது) வழியா த்ரோட்டில் வரை வர்ற குழாய்ல ஐடில்ல வெறும் வெளிக்காத்து அழுத்தம்தான். அங்க கை நுழையற அளவு ஓட்டை இருந்தாலும் ஐடில் வேக்குவத்துக்குத் தெரியாது, ஏன்னா த்ரோட்டில்னு ஒரு கதவு நடுவுல மூடியிருக்கு. அழுத்தம் ஏறினாதான் அந்த ஓட்டை வாயைத் திறக்கும். புகைக்கும் காரணம் உண்டு: முன்னாடியே அளந்த காத்து வழியில தப்பிச்சுப் போகுது, ஈசியூ அது வந்து சேர்ந்ததா நினைச்சுப் பெட்ரோலை ஊத்துது.

ஜூன் 7, மாலை 5.30

கண்டுபிடிச்சாச்சு. டர்போ வாயை அடைச்சு, கம்ப்ரெஸர்ல இருந்து காத்து விட்டு, சோப்புத் தண்ணி. இன்டர்கூலர் கீழ் ஹோஸ், கிளாம்புக்கு அடியில, அடிப்பக்கமா ரெண்டு விரல் நீளக் கிழிசல். மேல இருந்து பார்த்தா புது ஹோஸ் மாதிரியே இருக்கு. கீழ ஈரமா எண்ணெய்த் தடம் வழிஞ்சிருந்துச்சு, அதை முன்னாடியே பார்த்திருந்தா இந்தப் பாடே இல்ல. டர்போவுக்கு ஒண்ணுமில்ல.

ஒரு தடவை கம்ப்ரெஸர் ரெகுலேட்டர் கை நழுவிக் கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. கேஜ் முள் டயல் கடைசியில போய் டக்குனு முட்டுச்சு. உடனே மூடிட்டேன்.

ஜூன் 8, இரவு 8.15

புது ஹோஸ் போட்டாச்சு. 11.5! முன்னாடி 11தான் வந்துச்சு. ரொம்ப நாளாவே அந்த ஹோஸ் லேசாக் கசிஞ்சிருக்கு போல, அரை பிஎஸ்ஐ லாபம். ஓட்டறப்பவே வித்தியாசம் தெரியுது.

ஜூன் 10, இரவு 9.00

பூஸ்ட் கூடினா பவர் கூடும்தானேன்னு கேட்டவருக்கு: எப்பவும் இல்ல. பூஸ்ட்ங்கிறது டர்போ தள்ளற காத்துல இன்ஜின் வாங்கிக்காம முட்டி நிக்கிற அளவு. அதே டர்போவை வெச்சுக்கிட்டு தாராளமா மூச்சு விடற ஹெட் போட்டா, பூஸ்ட் குறைஞ்சு பவர் கூடலாம். அழுத்தினா காத்து சூடாகும், சூடான காத்துல சரக்கு கம்மி, அதுக்குத்தான் இன்டர்கூலர். வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாம பார்த்துக்கிற வால்வு) ஸ்பிரிங்கை இறுக்கி 3 பிஎஸ்ஐ ஏத்திட்டு, ஈசியூ டியூனைத் தொடாம ஓட்டினா நாக்கிங் (சிலிண்டர்ல பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வந்து பிஸ்டன் உடையற வழிதான்.

ஜூன் 21, காலை 6.50

இன்னைக்கு வண்டி கழுவும்போது, இன்ஜின் ஆஃப், சும்மா கேஜைப் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்துல இல்ல. பூஸ்ட் பக்கம் அரை பிஎஸ்ஐல உட்கார்ந்திருக்கு. ஹோஸைக் கழட்டிப் பார்த்தேன், அப்பவும் அங்கயேதான்.

கேஜுக்கு உள்ள இருக்கிற வளைஞ்ச பித்தளைக் குழாய் அளவுக்கு மீறி விரிஞ்சா பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஜூன் 7ல அந்த டக்.

ஆக ஜூன் 8ல எழுதின 11.5, 11தான். ஓட்டறப்பவே வித்தியாசம் தெரியுதுன்னு எழுதின வரியை அழிக்க முடியுமான்னு பார்த்தேன், நேரம் கடந்துடுச்சாம்.